செட்டுக்கு வைத்த பொட்டு

எனக்குப் பழைய ரேடியோக்களின் கண்ணாடி வால்வுகள் மேல் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு கதை சொல்வார். அதில் பாதி பொய். உண்மை இவ்வளவுதான். ரேணிகுண்டா பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எனக்குத் தரச் சோதனை வேலை. நகக்கண் அளவுப் பாகங்கள் ஒட்டிய பச்சை அட்டைகளை நாள் முழுக்கப் பார்த்து, தேறியதை ஒரு தட்டிலும் தேறாததை இன்னொரு தட்டிலும் போடவேண்டும். தேறாததை யாரும் ரிப்பேர் செய்வதில்லை. அப்படியே நொறுக்கப் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் கடையில் பின்பக்கம் திறந்த ஒரு வால்வு ரேடியோவைப் பார்த்தேன். ஒவ்வொரு பாகமும் விரலால் தொட்டுப் பார்க்கிற அளவில் இருந்தது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடர முடிந்தது. கெட்டுப்போனதைச் சரிசெய்ய முடியும் என்ற நினைப்பே எனக்குப் பெரிய ஆசையாக இருந்தது. பேரம் பேசாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து திருப்பதியில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் சாப்பாட்டு மேசையின் பாதி எனக்கு. மீதிப் பாதியில் இரண்டு பேரும் தட்டை இடித்துக்கொண்டு சாப்பிடுவோம். ரசத்தில் ஈயத்துளி விழுந்தது என்று அவர் ஒருமுறை சொன்னார். விழவில்லை, அது மிளகு.

இந்தப் பொழுதுபோக்கு என்னைச் சித்தூரில் என் மாமனாரின் கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் நினைக்கவில்லை. நான் ராணிப்பேட்டைப் பக்கத்துப் பெண். வேலைக்குத் திருப்பதி வந்த இடத்தில் இவரைப் பார்த்தேன், பிடித்தது, ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டோம். இரண்டு பேருக்கும் பேச்சு தமிழ்தான், ஆனால் ஜாதி வேறு. மாமனார் கல்யாணத்துக்கு வரவில்லை. மாமியார் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார், அதனால் நடுவில் நின்று சமாதானம் பேசவும் ஆளில்லை. மகன் வந்து பார்ப்பதை அவர் தடுக்கவில்லை. கூட நான் போவதையும் தடுக்கவில்லை. ஆனால் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை, எங்கள் வீட்டு வாசலை மிதித்ததும் இல்லை. எனக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றால் மகனிடம் சொல்வார். நான் இரண்டு முழம் தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். "அவளாண்ட கேளு, காபி குடிக்கறாளா டீயான்னு" என்பார். மகன் என் பக்கம் திரும்பி அதையே மறுபடி சொல்வார். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சாட்சி சொல்வது மாதிரி இருக்கும்.

நான் பொறுமைசாலி இல்லை. ஆனால் அந்த வீட்டில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும், என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். இவர் ஒவ்வொரு முறையும் சித்தூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வதை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்படி ஒரு நாளில்தான் கூடத்து மூலையில், பழைய துண்டு போர்த்திய அந்தப் பெட்டியைப் பார்த்தேன். மாமனார் உள்ளே போன நேரம் துண்டை விலக்கினேன். வால்வு ஆம்ப்ளிபயர். அந்தக் காலத்து மைக் செட். பின்மூடியின் திருகாணிகள் என்றோ தொலைந்துபோய், மூடி சும்மா சாத்தி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே வரிசையாக வால்வுகள், இரண்டு கனத்த டிரான்ஸ்ஃபார்மர், ஒரு பழுப்பு நிறப் பலகை முழுக்கப் பாகங்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

அது மாமனார் தெருவின் பஜனை கோயில் செட். வெல்ல மண்டியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், சனிக்கிழமை ஆனால் பஜனை கோயிலில் முன்பாட்டுக்காரர். இளவயதில் அவர்தான் இதை எங்கிருந்தோ வாங்கிவந்து கோயிலுக்கு விட்டிருந்தார். செட் நின்றுபோனதும் தெருக்காரர்கள் புதிதாக ஒன்று வாங்கினார்கள். அதில் தன் குரல் தகர டப்பாவைத் தட்டினது போல் கேட்கிறது என்று மாமனார் பாடுவதையே நிறுத்திவிட்டார். ஜால்ராவைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று இவர் சொன்னார்.

இதைத் திருப்பதிக்கு எடுத்துப்போகலாமா என்று நான் கணவரிடம் வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டேன். உள்ளேயிருந்து பதில் வந்தது, வழக்கம்போல் மகனுக்கு. "தூக்கினு போவச் சொல்லு. செத்தத இன்னா பண்ணிடப் போறா."

தூக்கிக்கொண்டு போனோம். பஸ்ஸில் என் மடியிலும் இவர் மடியிலுமாக மாற்றி மாற்றி வைத்தோம். திருமலையில் மொட்டை போட்டுவிட்டுக் காணிப்பாக்கம் பிள்ளையாரையும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர், அது தையல் மெஷினா என்று தெலுங்கில் கேட்டார். பாட்டுப் பெட்டி என்றேன். பாடச் சொல்லுங்கள் என்றார். பாடத்தான் கூட்டிப்போகிறோம் என்றேன்.

வேலை நன்றாகவே பிடித்தது. கரப்பான் முட்டைகளைப் பெருக்கித் தள்ளினேன். கண்டென்சர்கள் எல்லாம் வீங்கியும் ஒழுகியும் கிடந்தன, அத்தனையையும் மாற்றினேன். அளவு மாறிப்போன ரெசிஸ்டர்களைக் கழற்றினேன். ஒரு வால்வு செத்திருந்தது, சென்னையிலிருந்து வரவழைத்தேன். தூசி தட்டும்போது அந்தப் பழுப்புப் பலகையின் நடுவில், பாகங்கள் இல்லாத சின்ன வெற்றிடத்தில், சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்தது. வருஷா வருஷம் அதே இடத்தில் வைத்து வைத்துத் தடித்திருந்தது. பின்பக்கம் திறந்தால் நேராகக் கண்ணில் படுகிற இடம் அது. நெற்றி மாதிரி.

அதை மட்டும் நான் தொடவில்லை. சுத்தம் செய்யும் மருந்து அடிக்கும்போதுகூட அதன் மேல் ஒரு காகிதத்தை வைத்து மூடிக்கொண்டேன். குங்குமத்தை யாராவது துடைப்பார்களா? அதுவும் மாமனார் கையால் வைத்தது. என்னை ஏற்கெனவே பிடிக்காத வீட்டில் போய், நீங்கள் வைத்த பொட்டை அழித்துவிட்டேன் என்று சொல்வதற்கு எனக்கென்ன கிறுக்கா?

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது நேராகக் கொடுக்கக் கூடாது. குண்டு பல்பு ஒன்றை நடுவில் கோத்துக் கொடுத்தால், உள்ளே ஏதாவது தவறிருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், செட் பிழைக்கும். பல்பு ஒருமுறை மினுக்கிவிட்டு மங்கியது. வால்வுகளுக்குள் ஆரஞ்சு வெளிச்சம் மெல்ல ஏறியது. இவர் தன் போனை இணைத்து ஒரு பாட்டைப் போட்டார். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து, சண்டை போட வந்ததை மறந்து, நின்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று நான் சமைக்கவில்லை.

சித்தூருக்குக் கொண்டுபோனோம். கூடத்துப் பெஞ்சில் இறக்கி வைத்துவிட்டு இவர் தெருமுனை ஓட்டலுக்குக் காபி வாங்கப் போனார். நான் பின்கட்டில் கை கால் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். காபி குடித்தோம். பிறகு சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் உம் என்று முனகியது, பிறகு கர் என்று கத்தியது. ஒரு வால்வின் உள்தகடு அடுப்புக்கரி போல் சிவந்து பழுத்தது. பாய்ந்து அணைத்தேன். மாமனார் துண்டை எடுத்து அதன் மேல் போர்த்தினார்.

திருப்பதிக்குத் திரும்பக் கொண்டுவந்து இரண்டு நாள் கழித்துப் போட்டால், தங்கமாகப் பாடுகிறது. ஒரு வாரம் ஓடவிட்டேன். ஒரு குறையும் இல்லை. சித்தூர் மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டேன். அடுத்த முறை ஸ்டெபிலைசரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனோம். இறக்கினோம், இவர் காபிக்குப் போனார், நான் முகம் கழுவி வந்தேன், சுவிட்சைப் போட்டேன். மறுபடியும் முனகல், கத்தல், பழுத்த வால்வு.

மாமனார் மகனைப் பார்த்துச் சொன்னார். "திருப்பதில பாடுது. இங்க வந்தா வாய மூடிக்குது. அதுக்கும் இந்த ஊடு புடிக்கல போலகீது."

அந்த 'அதுக்கும்' எனக்குத்தான் என்று தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. பஸ்ஸில் என் கண் கலங்கியது. இவர் பார்த்தும் பார்க்காதது போல் கடலை வாங்கித் தந்தார்.

இதற்குள் மழைக்காலம் நெருங்கிவிட்டது. வீட்டில் பின்மூடியைத் திறந்து மறுபடி ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பொட்டு கொஞ்சம் பெரிதாகியிருப்பது போல் தோன்றியது. போன தடவை சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். வேலைக்குப் போனால் ஒரு அட்டையில் தலைமுடி அளவு கறை இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குகிறவள் நான். கறை குங்குமமாக இருந்தால் என் கண்ணுக்குக் கறையாகத் தெரியவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமைக்குள் செட் வந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் காயலான் கடைதான் என்று மாமனார் மகனுக்குப் போனில் சொல்லிவிட்டார். மூன்றாவது முறை கிளம்பினோம். அங்கே போய் இறக்கி வைத்ததும் என்னால் காபி வரைக்கும் பொறுக்க முடியவில்லை. உடனே சுவிட்சைப் போட்டேன். பாடியது. சுத்தமாக, குறையில்லாமல் பாடியது. மாமனார் பூஜை அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் விரல் தூணில் தாளம் போட்டது. நான் அணைத்துவிட்டு, இவரைக் காபிக்கு அனுப்பிவிட்டு, சந்தோஷமாகப் பின்கட்டுக்குப் போனேன்.

குழாயில் தண்ணீர் வரவில்லை. அதனால்தான் உடனே திரும்பி வந்தேன்.

மாமனார் பெட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் துண்டு, இடது கையில் சந்தனக் கிண்ணம். பின்மூடியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். மோதிர விரலில் சொட்டச் சொட்டச் சந்தனம். அந்த விரல் பலகையின் நடுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வால்வு செட்டை அணைத்தாலும் அதன் பெரிய கண்டென்சர்களில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். முன்னூறு வோல்ட்டுக்கு மேல். முன்பு இரண்டு முறையும் நான் முகம் கழுவப் போனபோது இப்படித்தான் வைத்திருக்கிறார், அப்போது அது பஸ்ஸில் வந்த குளிர்ந்த பெட்டி, ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை நான் இப்போதுதான் ஓடவிட்டு அணைத்திருக்கிறேன்.

"கைய எடுங்க மாமா" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். சந்தனம் என் புடவையில் கொட்டியது. "யாரு உங்கள இதுக்குள்ள கை உடச் சொன்னது? ஈரக் கைய வெச்சா உயிரு போயிடும். பொட்டு வெக்கணும்னா பொட்டி மேல வெக்கறதுதானே?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பிடியில் ரப்பர் போட்ட திருப்புளியை எடுத்து, அவர் விரல் போகவிருந்த இடத்துக்குப் பக்கத்து முனையையும் பெட்டியின் தகட்டையும் சேர்த்துத் தொட்டுக் காட்டினேன். படீரென்று நீலப் பொறி பறந்தது. அதைப் பார்த்து அவரைவிட நான்தான் அதிகம் நடுங்கினேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. இவர் காபியோடு வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மீட்டரை எடுத்து அளந்தேன். பொட்டின் ஒரு பக்கத்தில் அந்த முன்னூறு வோல்ட் முனை. மறுபக்கத்தில் வால்வுக்குக் கடிவாளம் போன்ற முனை, அங்கே துளி மின்சாரம் கசிந்தாலும் வால்வு தறிகெட்டு ஓடும். இரண்டுக்கும் நடுவில் காய்ந்த பழைய பொட்டு, அதன் மேல் விரலிலிருந்து சொட்டி விழுந்த ஒரு துளிப் புதுச் சந்தனம். மீட்டர் முள் ஏறியது. ஈரமாக இருக்கும்வரை கசிவு. திருப்பதியில் இரண்டு நாள் காய்ந்ததும் ஒன்றும் இல்லை. என் மரியாதையும் அவர் பக்தியும் சேர்ந்து அந்தச் செட்டை மாறி மாறிக் கொன்றுகொண்டிருந்தன.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, அவர் கண் முன்னாலேயே அந்தப் பொட்டை அழித்தேன். அழிக்க அழிக்க வந்துகொண்டே இருந்தது, அடுக்கடுக்காக, எத்தனையோ வருஷத்துச் சிவப்பு. அவர் எழுந்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. செட் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது, கேட்கத்தான் அவர் இல்லை.

பஸ் பாகாலா தாண்டியது. இவர், நைனாவை (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்) யாரும் இப்படித் திட்டிப் பார்த்ததில்லை, அம்மாகூடத் திட்டியதில்லை என்றார். கோபமாகச் சொல்கிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. செட் பிழைத்துவிட்டது, மாமனார் கைவிட்டுப் போய்விட்டார். இரண்டில் ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது, அது செட் இல்லை என்று அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

சனிக்கிழமை பஜனையில் மாமனார் பாடினாராம். பக்கத்து வீட்டுக்காரர் போனில் பதிவு செய்து இவருக்கு அனுப்பியிருந்தார். கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் குரல் கணீரென்று இருந்தது. பின்னால் ஜால்ரா சத்தமும் கேட்டது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் பாடினார். மகனோடு பேசும்போது செட் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்வாராம். என்னைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் இவருக்குக் கஷ்டம்.

ஆயுத பூஜை அன்று காலை நான் மேசையைத் துடைத்து, செய்தித்தாள் விரித்து, என் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். இவர் வாழைக்கன்றும் பூசணிக்காயும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அழைப்புமணி அடித்தது. பூசணியைத் தூக்கிக்கொண்டு சாவி எடுக்க முடியவில்லை போலிருக்கிறது என்று கதவைத் திறந்தேன்.

மாமனார் நின்றிருந்தார். வெளுத்த வேட்டி, கையில் துணிப்பை, இரண்டு மாடி ஏறிய மூச்சு. என் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தார். மகன் இல்லை. கடைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். மொழிபெயர்க்க ஆளில்லாமல் இரண்டு பேரும் நின்றோம். நான் கதவை அகலத் திறந்தேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார்.

தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். மேசையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து அதே கிண்ணத்தை எடுத்தார். சந்தனத்தைக் குழைத்தார். குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தார். மோதிர விரலைத் தோய்த்து சால்டரிங் இரும்பின் பக்கம் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இதுக்கு எங்க வெக்கலாம்? நீயே சொல்லும்மா."

மரப் பிடியைக் காட்டினேன். அங்கே வைத்தார். மீட்டரை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார், மறுபடி என்னைப் பார்த்தார். முதுகைக் காட்டினேன். திருப்புளிக்கு, கட்டிங் பிளேயருக்கு, அந்தக் குண்டு பல்புக்கு, ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டு வைத்தார். பல்பை இரண்டு விரலால் கைக்குழந்தையைத் தொடுவது போல் தொட்டார். கடைசியில் நான் பாதி பிரித்து வைத்திருந்த ரேடியோ. அதன் திறந்த முதுகைப் பார்த்ததும் கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் மீசைக்குள் என்னவோ அசைந்தது.

"நம்ப செட்டுக்கு இப்போ பொட்டி மேலதான் வெச்சிகினு வரேன். நல்லாதான் பாடுது" என்றார்.

விரலில் இன்னும் கொஞ்சம் சந்தனம் மிச்சமிருந்தது. துடைக்கத் துணி கொடுத்தேன், வாங்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார். எங்கள் கதவு நிலையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். வாடகை வீட்டு நிலை, பெயின்ட் உதிர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பாமலேயே கேட்டார்.

"இதுக்கு உன்னக் கேக்க வேணாம்ல?"

"வேணாம் மாமா" என்றேன். கீழே இவர் பூசணிக்காயோடு மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டது.